நாம் பிரிக்காததை யார் கை பிரிக்கிறது?

மழை பெய்து தண்ணீர் வரத்து கூடினால் போதும், கெலவரப்பள்ளி அணையில் நுரை மலை மலையாகப் பொங்குது. பெங்களூரின் சாக்கடையும் ஆலைக்கழிவும் தென்பெண்ணையில் கலந்து வருவது ஓசூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 'அவன் அழுக்கை நாம ஏன் சுமக்கணும்?' என்று கேட்கிறோம். நியாயமான கேள்விதான்.

இதே கேள்வியை, காலையில் நம்ம தெருவுக்குக் குப்பை எடுக்க வரும் அம்மா நம்மைப் பார்த்துக் கேட்டால்? சோறு, பிளேடு, நாப்கின், மாத்திரை எல்லாத்தையும் ஒரே கறுப்புக் கவரில் திணித்து, முடிச்சுப் போட்டு வைக்கிறோம். வீட்டில் பிரிக்காத குப்பை பிரிக்கப்படாமல் போவதில்லை தோழர்களே. அந்தம்மா கையால் கிழித்துப் பிரிக்கிறாங்க. அது எந்தச் சாதியின் கை என்று இந்தப் பக்கங்களை வாசிக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

'மக்கும் குப்பை, மக்காத குப்பை' என்று சுவரெல்லாம் எழுதியாச்சு. வீட்டிலேயே பிரிக்கணும்னு 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளும் சொல்லிடுச்சு. சுவரில் எழுதாத சிலதைச் சொல்கிறேன்.

பால் பாக்கெட்டின் மூலையைத் துண்டாக வெட்டி எறியாதீங்க. அந்தத் துணுக்கு யார் கையிலும் சிக்காது, நேரா சாக்கடைக்குப் போகும். துண்டாகாமல் கீறி, கழுவிக் காயவைத்தால் உறை முழுசாக எடைக்குப் போகும்.

குழம்பு பட்ட தாள் ஒரு கட்டு நல்ல தாளையே கெடுத்துடும். ஏ.டி.எம். சீட்டும் கடை பில்லும் பார்க்கத் தாள் மாதிரி இருக்கும். ஆனால் சூட்டில் எழுத்து தெரிவதற்காக ரசாயனம் பூசியது அது. வங்கிக் கவுண்டரில் தினமும் அதைக் கையில் பிடிக்கிறவன் சொல்கிறேன், பழைய பேப்பரோடும் சேர்க்காதீங்க, மக்கும் குப்பையிலும் போடாதீங்க.

உள்ளே வெள்ளியாய் மின்னும் ஷாம்பு, பிஸ்கட் உறைகள் பல அடுக்கை ஒட்டிச் செய்தவை. பழைய சாமான் கடைக்காரர் வாங்க மாட்டார். தனியாகச் சேர்த்துக் கொடுங்க. கொளுத்தாதீங்க, அந்தப் புகை முதலில் பக்கத்து லைன் வீட்டுக் குழந்தைக்குத்தான் போகும்.

பிளேடு, ஊசி, உடைந்த கண்ணாடியைத் தகர டப்பாவில் போட்டு மூடுங்க. மேலே எழுதி வைத்தால் மட்டும் போதாது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்குகிற ஊர் இது, எழுத்தே தெரியாதவங்களும் இருக்காங்க. கையில் கொடுத்து வாயால் சொல்லுங்க. டியூப்லைட்டில் பாதரசம் இருக்கு, உடைக்காமல் அதன் அட்டை உறையிலேயே கொடுங்க.

நாப்கினையும் டயாபரையும் செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்புப் பொட்டு வையுங்க. இது புனேயில் குப்பை சேகரிப்பவர்களின் கூட்டுறவான 'ஸ்வச்' முன்வைத்த கோரிக்கை. 1993இல் அங்கே குப்பை பொறுக்குகிறவர்கள் கட்டிய தொழிற்சங்கத்திலிருந்து வளர்ந்த அமைப்பு அது. எதைத் தொடுகிறோம் என்று தெரிந்துகொள்ளும் உரிமையை அந்த உழைப்பாளிகள் சங்கமாகச் சேர்ந்து கேட்டாங்க.

'இதெல்லாம் சீர்திருத்தம் தோழர், இதனால் சாதி ஒழியுமா?' என்பீர்கள். ஒழியாது. நிரந்தர வேலை, முழுக் கூலி, இயந்திரம், இந்தத் தொழிலே தலைமுறைக்கும் தலையில் ஏறாத விடுதலை எல்லாவற்றுக்கும் தெருவில் இறங்கித்தான் போராடணும். ஆனால் தீட்டு சாஸ்திரத்தில் மட்டுமா இருக்கு? 'நான் கழித்ததை என் கை திரும்பத் தொடாது, அதுக்குன்னு வேற கை இருக்கு' என்ற நிம்மதியிலும் இருக்கு. அந்த நிம்மதி புரட்சி பேசுகிற வீட்டிலும் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கு.

சந்தேகம் இருந்தால் நம்ம கருத்தரங்கு முடிந்த மண்டபத்தைப் போய்ப் பாருங்க. சாதி ஒழிப்புத் தீர்மானத்தின் மேல் டீ கப்பும் எலும்பும் கிடக்கும். பேப்பர் கப் என்கிறோம், உள்ளே பூசியிருப்பது பிளாஸ்டிக். அதோடு எச்சில் சோறும் கலந்தால் அது எதற்கும் உதவாது.

அடுத்த கூட்டத்துக்குப் பந்தி போடும்போதே கூடைகளையும் தனித்தனியா வையுங்கள். எவர்சில்வர் டம்ளர் எடுத்து வாருங்கள். சாப்பிட்டு முடிந்ததும் தலைமை தாங்கியவர் முதல் ஆளாகத் தன் இலையைத் தானே எடுக்கட்டும். மற்றவர்கள் பின்னாலேயே எழுந்து வருவார்கள்.