பாரம் போதாது, பிடிப்பு வேண்டும்

புயல் என்றதும் கடற்கரை ஊர்கள்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. மங்கலம்பேட்டை கடற்கரை ஊர் அன்று. விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை செல்லும் சாலையில் இருக்கும் இவ்வூருக்கும் கடலுக்கும் இடையே நேர்க்கோட்டில் சுமார் 50 கிலோமீட்டர் தூரம். "நமக்கென்ன, கடல் எங்கோ இருக்கிறது" என்று இங்கே ஒருவர் சொன்னால் அது இயல்பே. ஆனால் இந்தியத் தர நிர்ணய அமைப்பு அப்படி நினைக்கவில்லை. காற்று விசை பற்றி அது 2015இல் திருத்தி வெளியிட்ட விதிமுறை, கிழக்குக் கடற்கரையை ஒட்டி 60 கிலோமீட்டர் அகலமுள்ள நிலப்பகுதி முழுவதையும் புயல் பகுதியாகவே கொள்கிறது. மங்கலம்பேட்டை அந்த எல்லைக்குள் வருகிறது.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் காலையில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. கரை கடக்கும்போது காற்றின் வேகம் மணிக்கு 120 முதல் 140 கி.மீ. வரை இருந்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. மாவட்டம் முழுவதும் கீற்று, ஓடு, தகரம் என்று எல்லா வகைக் கூரைகளும் சிதைந்தன. மார்கழி மாதத்துக் குளிரில், நனைந்த துணியோடும் நனைந்த நெல்லோடும் மக்கள் வானத்தைப் பார்த்தபடி இருந்தார்கள். பிறகு 2018 நவம்பரில் 'கஜா' வந்தது. 2020 நவம்பரில் 'நிவர்' வந்தது. 2024 நவம்பரில் 'ஃபெஞ்சல்' வந்தது. இனியும் வரும்.

புயலைத் தடுக்க நம்மால் முடியாது. ஆனால், புயலுக்குப் பின் நாம் கூரையைப் பழுது பார்க்கும் முறையை மாற்ற முடியும். அதை மாற்றியே ஆக வேண்டும் என்பது என் கருத்து. இன்று என்ன செய்கிறோம்? பறந்துபோன தகட்டை வயலில் தேடி எடுத்து வருகிறோம். நெளிவைத் தட்டி நிமிர்த்துகிறோம். பழைய ஆணியைப் பழைய துளையிலேயே அடிக்கிறோம். மேலே நான்கு செங்கல், ஒரு பழைய டயர் ஏற்றி வைக்கிறோம். வேலை முடிந்தது என்று இறங்கிவிடுகிறோம். இது பழுது பார்த்தல் ஆகுமா? அடுத்த புயலுக்கு அதே கூரையை மீண்டும் தயார் செய்து வைப்பதுதானே!

காற்று அமுக்குகிறதா, தூக்குகிறதா?

கூரையின் மேல் கல் வைப்பவர், காற்று கூரையைப் பக்கவாட்டில் தள்ளுகிறது என்று எண்ணுகிறார். உண்மையில் காற்று கூரையை மேல்நோக்கி இழுக்கிறது. ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். நீளமான காகிதத் துண்டு ஒன்றின் ஒரு முனையைக் கீழுதட்டுக்கு அடியில் பிடித்துக்கொண்டு, அதன் மேற்பரப்பை ஒட்டி ஊதுங்கள். தொங்கிக்கொண்டிருந்த காகிதம் மேலே எழும். காகிதத்தின் மேற்பக்கத்தில் காற்றழுத்தம் குறைந்துவிடுகிறது. கீழ்ப்பக்கத்து அழுத்தம் அதைத் தூக்குகிறது. கூரையிலும் இத்தகைய அழுத்தக் குறைவு ஏற்படுகிறது. முக்கியமாக, கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டிலும் காற்று கூரையை விட்டுப் பிரிந்து சுழல்களாகச் சுழலும்போது இழுப்பு மிகவும் கூடுகிறது. புயலில் முதலில் பெயர்வது மூலைத் தகடும் ஓரத்து ஓடும்தான் என்பதை நீங்களே கவனித்திருப்பீர்கள்.

இந்த இழுப்பு எவ்வளவு இருக்கும்? கணக்கு எளியது. காற்றின் வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று எடுத்துக்கொண்டு, அதை அதனாலேயே பெருக்கி, பிறகு 0.6ஆல் பெருக்கினால், ஒரு சதுர மீட்டரின் மேல் செயல்படும் விசை நியூட்டன் அளவில் கிடைக்கும். ஏறத்தாழ 10 நியூட்டன் என்பது ஒரு கிலோகிராம் பாரம்.

3 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள ஒரு மெல்லிய தகரத் தகட்டை எடுத்துக்கொள்வோம். அதன் எடை 14 கிலோ அளவில் இருக்கும். மணிக்கு 35 கி.மீ. வேகக் காற்றில் அதன் மேல் ஏற்படக்கூடிய தூக்கு விசை சுமார் 17 கிலோ. வேகம் இரண்டு மடங்காகி 70 கி.மீ. ஆனால் விசையும் இரண்டு மடங்காகுமா? ஆகாது, நான்கு மடங்காகிச் சுமார் 70 கிலோ ஆகும். 140 கி.மீ. வேகத்தில் அது சுமார் 280 கிலோ! மூலைகளில் இதைவிடவும் மிகும். இப்போது சொல்லுங்கள்: நான்கு செங்கல்லும் ஒரு டயரும் 280 கிலோவை எதிர்த்து என்ன செய்யும்? செய்யக்கூடியது ஒன்றுதான். கூரையோடு சேர்ந்து பறந்து, அடுத்த வீட்டார் தலையில் விழும்.

மங்களூர் ஓட்டுக் கூரை இதைவிடக் கனமானது. சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 40 கிலோ இருக்கும். சாதாரண மழைக்காற்றுக்கு இது போதும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தை எட்டும்போது விசை சதுர மீட்டருக்குச் சுமார் 47 கிலோ ஆகிவிடுகிறது. அப்போது ஓரத்து ஓடுகள் ஆட்டம் காணும். 10 சென்டிமீட்டர் கனமுள்ள காங்கிரீட் தளமோ சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ எடை உடையது. அது தன் பாரத்தாலேயே நிற்கும். மற்ற கூரைகளைப் பாரத்தால் நிறுத்த முடியாது. பிடிப்பால்தான் நிறுத்த வேண்டும்.

சங்கிலியும் அதன் கண்ணியும்

பிடிப்பு என்றால் இன்னும் நான்கு ஆணி அடிப்பது என்று கொள்ளக் கூடாது. கூரையைப் பிடித்து நிறுத்துவது ஒரு சங்கிலி. தகடு ரீப்பரோடும், ரீப்பர் கைமரத்தோடும், கைமரம் சுவரின் மேலுள்ள உத்திரத்தோடும், உத்திரம் சுவரோடும் பிணைந்திருக்க வேண்டும். இவற்றில் ஒரு கண்ணி அறுந்தாலும் கூரை போய்விடும். நம் ஊர் வீடுகள் பலவற்றில் கைமரம் சுவரின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கிறது; எதனோடும் கட்டப்படவில்லை. அங்கே தகட்டை மட்டும் இறுக்கினால், அடுத்த புயலில் தகடு தனியாகப் பறக்காது. கைமரத்தையும் இழுத்துக்கொண்டு மொத்தக் கூரையும் எழும்பும்.

ஆகையால் பழுது பார்ப்பவர் மேலிருந்து கீழே சுவர் வரை வர வேண்டும். கைமரத்தை உத்திரத்தோடு இரும்புப் பட்டையாலோ முறுக்கிய கட்டுக் கம்பியாலோ பிணைக்க வேண்டும். உத்திரத்தைச் சுவருக்குள் புதைத்த போல்ட்டால் பிடிக்க வேண்டும். தகட்டுக்கு வெறும் ஆணி வேண்டாம். கொக்கி போல்ட்டும், அகலமான வாஷரும் போட வேண்டும். ஓரங்களிலும் முகட்டிலும் போல்ட்டுகள் நெருக்கமாக இருக்க வேண்டும். ஓட்டுக் கூரையில் ஓரத்து வரிசைகளையும் முகட்டு ஓடுகளையும் கம்பியாலோ சாந்தாலோ பிணைக்க வேண்டும். கதவும் சன்னலும்கூடக் கூரையின் காவலர்களே. காற்று வரும் பக்கத்துக் கதவு பெயர்ந்தால், உள்ளே புகுந்த காற்று கீழிருந்து தள்ளும்; மேலே இழுப்பு, கீழே தள்ளல் என இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

பழைய துளையில் பழைய ஆணி கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை 1974 டிசம்பர் 25ஆம் நாள் அதிகாலையில் 'டிரேசி' என்ற புயல் தாக்கியது. கருவி பழுதாகும் முன் பதிவான வேகம் மணிக்கு 217 கி.மீ. நகரத்து வீடுகளில் சுமார் 70 சதவீதம் அழிந்தன. பொறியியலாளர்கள் ஆராய்ந்தபோது ஒரு புதிய உண்மை வெளிப்பட்டது. பல தகடுகள் ஒரே இழுப்பில் பிய்ந்தவை அல்ல. காற்று விட்டு விட்டு இழுத்ததால் தகடு பலமுறை மேலும் கீழும் வளைந்து, ஆணியைச் சுற்றி விரிசல் கண்டு, பிறகே கிழிந்தது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒடிந்துவிடும் அல்லவா? அதே உலோகச் சோர்வுதான் இது. ஒரு புயலில் ஆடிய தகட்டின் துளையைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். அதன்பின் அங்கே தகடுகளை ஆயிரக்கணக்கான முறை இழுத்துச் சோதித்த பிறகே பயன்படுத்தும்படி விதிகளை மாற்றினார்கள்.

எளியவர்களின் அறிவு

இதெல்லாம் பணக்கார நாட்டுக்குத்தான் என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஸ்காட்லாந்தின் மேற்கே, குளிரும் புயலும் ஓயாத ஹெப்ரிடீஸ் தீவுகளில் ஏழை உழவர்கள் புல் கூரைகளின் மேல் கயிறுகளைக் குறுக்கே போட்டு, அவற்றின் முனைகளில் பெரிய கற்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். கல்லைக் கூரைமேல் சும்மா வைப்பதற்கும் கயிற்றில் கட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள்! கயிறு கூரை முழுவதையும் ஒன்றாகப் பிடிக்கிறது. ஜப்பானின் ஓகினாவாத் தீவில் சிவப்பு ஓடுகளின் இடுக்குகளை வெள்ளைச் சாந்தால் பூசி, அவை புயலில் பெயராதபடி செய்தார்கள். நம் கீற்றுக் கூரையின் மேலும் பழைய மீன்வலையை விரித்து, நான்கு பக்கமும் தரையில் அடித்த முளைகளோடு இழுத்துக் கட்டலாம். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

"எல்லாருக்கும் காங்கிரீட் வீடு கட்டிக் கொடுத்துவிட்டால் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. பாதுகாப்பான வீடு எல்லாருக்கும் வேண்டியதே. ஆனால் காங்கிரீட் வீட்டை ஒட்டியும் தகரச் சமையற்கட்டு இருக்கிறது. மாட்டுக் கொட்டகை இருக்கிறது. தேநீர்க் கடையும் நெல் வைக்கும் கொட்டகையும் இருக்கின்றன. காங்கிரீட் வீட்டுக்காகக் காத்திருக்கும் குடும்பமும் இந்த ஐப்பசியில் ஏதோ ஒரு கூரையின் கீழ்தானே படுத்து உறங்க வேண்டும்?

என்ன செய்ய வேண்டும்?

எனக்கு மூன்று கோரிக்கைகள் உண்டு. முதலாவது, கூரைப் பழுது புயலுக்குப் பின் செய்யும் வேலையாக இருக்கக் கூடாது. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், ஆவணி, புரட்டாசி மாதங்களில் செய்யும் வேலையாக வேண்டும். இரண்டாவது, புயல் நிவாரணம் என்று தகடும் பணமும் கொடுக்கும்போது, அவற்றோடு கொக்கி போல்ட்டும் கட்டுக் கம்பியும் இரும்புப் பட்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். தகட்டை மட்டும் கொடுப்பது, கடிவாளம் இல்லாமல் குதிரையைக் கொடுப்பது போன்றது. மூன்றாவது, கூரை வேய்பவர்க்கும் தச்சர்க்கும் கொத்தனார்க்கும் ஊர்தோறும் இதில் பயிற்சி வேண்டும். தாழ்வான வீடுகளைப் புயலிலிருந்து காப்பதற்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2004இல் வழிகாட்டி நெறிகளை வெளியிட்டிருக்கிறது. சென்னைத் தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் காற்றுச் சுரங்கம் இருக்கிறது. அறிவு நம் நாட்டிலேயே இருக்கிறது. அது ஏணியின் மேல் நிற்பவரின் கைக்கு வந்து சேர வேண்டும்.

மாணவர்களுக்கும் இதில் வேலை உண்டு. ஆனால் கூரை மேல் ஏறாதீர்கள். சிமெண்டுத் தகடு மிதித்தால் உடையும். அதிலிருந்து விழுந்து உயிரிழந்தவர் உண்டு. பழைய சிமெண்டுத் தகடுகளில் கல்நார் இருக்கும். அவற்றை அறுக்கும்போதும் துளையிடும்போதும் எழும் தூசு புற்றுநோய் தரவல்லது. உடைந்த துண்டுகளை விளையாட்டுக்குக்கூட எடுக்கக் கூடாது. தரையில் நின்றபடியே நீங்கள் செய்யக்கூடியது அளத்தலும் எண்ணுதலும். உங்கள் தெருவில் கீற்றுக் கூரை எத்தனை, ஓடு எத்தனை, தகரம் எத்தனை? எத்தனை வீடுகளில் கைமரம் சுவரோடு பிணைக்கப்பட்டிருக்கிறது? எத்தனை கூரைகளில் கல்லும் டயரும் மட்டுமே காவல்? நான்கைந்து பேராகச் சேர்ந்து ஒரு பட்டியல் தயாரியுங்கள். ஆசிரியரிடம் காட்டி, பேரூராட்சி அலுவலகத்திலோ ஊராட்சியிலோ கொடுங்கள். உங்கள் பள்ளித் தாழ்வாரத்தின் கூரையிலிருந்தே தொடங்கலாம்.

வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்குவது எளிது. அந்த விதியை வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்லி, புரட்டாசி முடிவதற்குள் நான்கு போல்ட்டுகளை முடுக்கச் செய்துவிட்டால், நீங்கள் படித்த இயற்பியல் ஒரு குடும்பத்தின் தலைக்கு மேல் கூரையாக நிற்கும்.