பரிசுக்குப் பின் பதினேழு வருடம்

டிவி போட்டியில் ஒரு சிறுமி பாடுகிறாள். நடுவர் கண்கலங்குகிறார். கோப்பை கொடுக்கிறார்கள். அடுத்த வாரம் ஊர் முழுக்க ஃப்ளெக்ஸ் பேனர். சரி, அதற்கப்புறம்? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

டேனியல் டி நீஸ் என்ற ஆப்ரா பாடகியின் கதை இதற்கு நல்ல பதில். 1979-ல் மெல்பர்னில் பிறந்தவர். பெற்றோர் இலங்கையிலிருந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய பறங்கியர். 1988-ல் ஒன்பது வயதில் அந்நாட்டின் புகழ்பெற்ற டிவி பாட்டுப் போட்டியில் முதல் பரிசு வாங்கினார். நம் ஊர் வழக்கப்படி கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அங்கேதான் ஆரம்பித்தது.

குடும்பம் லாஸ் ஏஞ்சல்ஸ் போனது. பாட்டு வகுப்புகள் தொடர்ந்தன. பதினைந்து வயதில் அந்த நகரத்து ஆப்ரா மேடையில் முதல் வாய்ப்பு. பதினெட்டில் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்ராவின் இளம் கலைஞர் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தார். அதில் சேர்ந்தவர்களிலேயே வயதில் இளையவர் அவர்தான். 1998-ல் அதே அரங்கில் மோட்சார்ட்டின் 'ஃபிகாரோவின் திருமணம்' நாடகத்தில் தோட்டக்காரன் மகள் வேடம் கிடைத்தது. தொலைந்துபோன ஊசியைத் தேடிக்கொண்டே பாடும் ஒரு குட்டிப் பாட்டு, அவ்வளவுதான். 2005-ல் இங்கிலாந்தின் கிளைண்ட்போர்னில், வேறொருவர் பாட முடியாமல் போனதால், ஹாண்டலின் கிளியோபாட்ராவாக மேடையேறினார். உலகம் திரும்பிப் பார்த்தது அப்போதுதான். பரிசுக்கும் இதற்கும் இடையே பதினேழு வருடம்!

ஏன் இத்தனை காலம்? சொப்ரானோ என்பது பெண் குரல்களில் மிக உயர்ந்த வகை. மெட்ரோபாலிட்டன் அரங்கில் ஏறக்குறைய 3,800 இருக்கைகள். மைக் கிடையாது. வாத்தியக் குழுவையும் தாண்டிக் கடைசி வரிசைக்குக் குரல் போக வேண்டும். அதற்கு மூச்சைப் பழக்க வேண்டும். இத்தாலியன், ஜெர்மன், பிரெஞ்சு உச்சரிப்பு பழக வேண்டும். நடிக்கவும் வேண்டும். இவையெல்லாம் ஒரு சீசனில் வருகிற சமாச்சாரம் அல்ல.

"அது வெள்ளைக்காரர்களின் கலை, நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். கே.பி.சுந்தராம்பாளை மறந்துவிட்டார்களா? 1908-ல் கொடுமுடியில் பிறந்தவர், சிறுமியாகவே வேலு நாயரின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். பாட்டு, வசனம், ஆண் வேடம் எல்லாம் அங்கேதான். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி ஆளுக்கும் கேட்க வேண்டும் என்பதால் உரமேறிய குரல் அது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய பாலர் சபையும் இப்படி ஒரு பள்ளிக்கூடம்தான். கம்பெனி வாழ்க்கையில் அடி உண்டு, பசி உண்டு. அது திரும்பி வர வேண்டாம். ஆனால் குரலை வருடக்கணக்கில் வளர்க்கும் இடமும் அதோடு சேர்ந்தே போய்விட்டது.

போட்டிகளே வேண்டாம் என்பதல்ல வாதம். வசதியில்லாத பிள்ளையை நாலு பேருக்குக் காட்டுவது டிவிதான். குறை என்னவென்றால், பெரியவர்களின் உச்சஸ்தாயிப் பாட்டைப் பத்து வயதுக் குழந்தை கத்திப் பாடினால் கைதட்டுகிறோம். குரல் மாறும் பருவம் வந்ததும் அந்தப் பிள்ளைக்கு வழிகாட்ட ஆளில்லை. கைதட்டியவர்கள் அடுத்த குழந்தையிடம் போய்விடுகிறார்கள்.

கண்டாச்சிபுரத்தில் நல்ல குரலுள்ள ஒரு சிறுமி இருந்தால் என்ன செய்வது? விழுப்புரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, தேவாரம், நாதஸ்வரம், வயலின் எல்லாம் மூன்று வருடப் படிப்பாகச் சொல்லித் தருகிறார்கள். இந்த மாவட்டத்தில் விடிய விடியத் தொண்டை கட்டாமல் பாடும் தெருக்கூத்து வாத்தியார்கள் இருக்கிறார்கள். குரலைக் காப்பது எப்படி என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? இசைப்பள்ளியில் அவர்களுக்கும் ஒரு நாற்காலி போடலாம். தூரத்துக் கிராமப் பிள்ளைகளுக்குப் பேருந்துச் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் உதவித்தொகை கொடுக்கலாம். நியூயார்க்கில்கூட இளம் கலைஞர்களுக்குக் காசு கொடுத்துத்தான் சொல்லித் தருகிறார்கள்.

அடுத்த முறை ஒரு குட்டிப் பாடகிக்கு ஃப்ளெக்ஸ் வைக்கும்போது, நண்பர்களே, அந்தக் காசில் அவளுக்கு ஒரு மாதம் பாட்டு வகுப்பு நடக்குமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.