பாட்டைக் கேட்டோம், பேரைக் கேட்கவில்லை

பாடகர் உன்னி மேனன் தமிழில் மறுபடி தலையெடுத்தது 1992-இல். ‘ரோஜா’ படத்தின் ‘புது வெள்ளை மழை’ அவரை மீட்டுக்கொண்டு வந்தது என்று இன்றைக்கும் பெருமையாகப் பேசுகிறோம். யாரிடமிருந்து மீட்டது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நம்மிடமிருந்துதான்.

அதற்கு ஏழு வருஷம் முன்னால், 1985 பொங்கலுக்கு வந்த ‘ஒரு கைதியின் டைரி’யில், இளையராஜா இசையில் ‘பொன்மானே கோபம் ஏனோ’ பாடியவரும் அவரேதான், உமா ரமணனோடு. கோவை காந்திபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து சத்தியமங்கலம், கோபி, திருப்பூர் என்று கிளம்பும் தனியார் பஸ்களில் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தவர்கள் நாம். பாட்டுப் பெட்டி நன்றாக இருக்கிற பஸ்ஸுக்காக முன்னால் வந்த பஸ்ஸை விட்டவர்களும் நம்மில் உண்டு. அந்தப் பாட்டை என்னவென்று சொன்னோம்? கமல் பாட்டு. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் ராஜா பாட்டு என்றார்கள். யார் பாடியது என்று யாராவது கேட்டுவிட்டால் எஸ்.பி.பி., இல்லையென்றால் யேசுதாஸ். ஆண் குரலுக்கு நம்மிடம் இருந்த பெயர்ப் பட்டியல் அவ்வளவுதான்.

கிராஸ்கட் ரோட்டிலும் நூறடி ரோட்டிலும் ரெக்கார்டிங் சென்டர்கள் இருந்த காலம் அது. வெள்ளைத்தாளில் பாட்டு வரிசை எழுதிக்கொண்டு போவோம். டி.டி.கே. அறுபது என்றால் பக்கத்துக்கு ஆறேழு பாட்டுப் பிடிக்கும். “மூணு நாள் கழிச்சு வாங்க கண்ணு” என்பார் கடைக்காரர். நாம் கொடுத்த தாளில் இடது பக்கம் பாட்டின் முதல் சொற்கள், வலது பக்கம் படத்தின் பெயர். பாடியவருக்கு இடமே இல்லை. ஒரிஜினல் கேசட்டின் அட்டையில் அவர்கள் பெயர் பொடி எழுத்தில் இருக்கத்தான் செய்தது. நாம் பாட்டைப் பதிந்து வாங்கினோம், அட்டையைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

‘புது வெள்ளை மழை’யை மேற்கில் சாஃப்ட் ராக் என்று சொல்லும் வகைக்குப் பக்கத்தில் வைக்கலாம். கீபோர்டின் மிதப்பு, அடங்கி நடக்கிற தாளம், அதன் மேல் சங்கதிகளை வாரி இறைக்காத ஓர் ஆண் குரல். கூடப் பாடிய சுஜாதாவும் நமக்குப் புதியவர் அல்ல. 1977-இல் சிறுமியாக ‘காயத்ரி’ படத்துக்குக் ‘காலைப் பனியில் ஆடும் மலர்கள்’ பாடியவர். அந்தப் பனியிலிருந்து ‘ரோஜா’வின் பனிக்கு வர அவருக்குப் பதினைந்து வருஷம் ஆயிற்று. நடுவில் படிப்பு, கல்யாணம் என்று அவருக்குச் சொந்தக் காரணங்கள் இருந்தன. ஆனால் அந்தப் பெண் எங்கே போனாள் என்று இந்தப் பக்கம் ஒருத்தரும் தேடவில்லை. முதல் படத்துக்கு இசையமைத்த ஏ.ஆர். ரஹ்மான் என்ற இளைஞர்தான் இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பாட வைத்தார்.

இப்படி ஒரு படப் பாட்டு பாடகரைத் தூக்கிவிட்ட கதை அமெரிக்காவிலும் உண்டு. 1969-இல் உட்ஸ்டாக் மேடையை உலுக்கிய ஜோ காக்கர் குடியால் சரிந்துபோயிருந்தார். 1982-இல் ஜெனிஃபர் வார்ன்ஸோடு ‘ஆன் ஆபீசர் அண்ட் எ ஜென்டில்மேன்’ படத்துக்காக ஒரு டூயட் பாடினார். பாட்டு அங்கே முதலிடத்துக்குப் போய், ஆஸ்கரும் வாங்கியது. ஆனால் அங்கே ஜனங்கள் தெரிந்த பெயரைத்தான் மறந்திருந்தார்கள். நாம் பெயரைத் தெரிந்துகொள்ளவே இல்லை.

மீண்டு வந்த பிறகாவது திருந்தினோமா? ‘என்ன விலை அழகே’, ‘நதியே நதியே’ என்று உன்னி மேனன் பாடிக்கொண்டே இருந்தார், எல்லாம் ரஹ்மான் பாட்டாகவே நம் வாயில் புழங்கின. 1994-இல் ‘காதலன்’ வழியாகப் பி. உன்னிகிருஷ்ணன் வந்ததும் இரண்டு உன்னிகளையும் ஒரே ஆளாக்கிவிட்டோம். மெல்லிசை மேடைகளில் அறிவிப்பாளர் பெயரை மாற்றிச் சொல்லும்போது இன்றைக்கும் கைதட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறோம்.

அப்படி ஒரு பாட்டுக்கூடக் கைகொடுக்க வராதவர்களின் கதை இதைவிட மோசம். அதே ‘ரோஜா’வில் ‘சின்னச் சின்ன ஆசை’ பாடிய மின்மினிக்கு அடுத்த வருஷமே லண்டன் மேடையில் குரல் போனது. பாட்டை நாம் விடவில்லை, பாடியவரை விசாரிக்கவில்லை. ‘ஜானி’யில் ‘என் வானிலே’ பாடிய ஜென்சி கேரளத்தில் பள்ளிக்கூடப் பாட்டு டீச்சராகப் போய்விட்டது நம்மில் பாதிப்பேருக்குத் தெரியாது.

உமா ரமணனுக்கு வருவோம். ‘பொன்மானே’யில் உன்னி மேனனோடு நின்றவர். ‘கேளடி கண்மணி’யின் ‘நீ பாதி நான் பாதி’யில் பாதி அவருடையது, நாமோ அதை முழுசாக யேசுதாஸ் கணக்கில் எழுதி வைத்திருந்தோம். 2024 மே 1 அன்று அவர் காலமானார். அன்று சாயங்காலம் நம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாம் அவர் பாட்டுத்தான். ‘இதையும் இவங்கதான் பாடினாங்களா?’ என்ற ஆச்சரியம் ஊரெல்லாம் பறந்தது. அந்த ஆச்சரியத்துக்கு நாம் வெட்கப்பட்டிருக்க வேண்டும். கண்ணீர் எமோஜி போட்டு நகர்ந்துவிட்டோம்.

உன்னி மேனனும் சுஜாதாவும் இன்னும் மேடையேறுகிறார்கள். அடுத்த முறை கொடிசியா மைதானத்திலோ உங்கள் தெருக்கோயில் திருவிழாவிலோ யாராவது ‘புது வெள்ளை மழை’யைப் பாட மைக்கைப் பிடித்தால், முதலில் பாடினவங்க பேரைச் சொல்லிட்டுப் பாடுங்கண்ணா என்று கூட்டத்திலிருந்து நீங்கள் ஒரு குரல் கொடுங்கள்.