கழுகு செத்தால் யாருக்கு நட்டம்?

மருத்துவர் மருந்தைப் பார்க்கட்டும், பொருளியலாளர் கணக்கைப் பார்க்கட்டும், துறைகளைக் கலந்து செய்யும் ஆய்வில் ஆழம் இருக்காது என்கிறார்கள். ஏற்க முடியாது.

மாடுகளுக்கு வலி தீரப் போட்ட டைக்ளோஃபெனாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மருந்தோடு செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளுக்குச் சிறுநீரகம் பழுதானது. உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்தது. 2004இல் இந்தக் காரணம் தெரியவருவதற்குள் இந்தியாவில் அவற்றில் 95 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்துவிட்டன. பறவையியலும் மருந்தியலும் கைகோத்ததால்தான் 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தர இந்தியாவில் தடை வந்தது.

நட்டத்தை அளந்தவர்களோ பொருளியலாளர்கள். கழுகுகள் அழிந்ததால் 2000 முதல் 2005 வரை இந்தியாவில் கூடுதலாக ஏறத்தாழ 5 லட்சம் மனித உயிர்கள் போயின என்று ஈயல் ஃபிராங்கும் அனந்த் சுதர்சனும் 2024இல் வெளியான ஆய்வில் மதிப்பிட்டார்கள். அழுகிய மாட்டுப் பிணம், கெட்ட தண்ணீர், பெருகிய நாய்கள், வெறிநோய் என்று நீளும் சங்கிலி அது.

இந்தச் சங்கிலியை நேரில் பார்க்கப் பெங்களூரு சிவாஜிநகருக்கு வாருங்கள். ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சுற்றிக் கறிக்கடைக் கழிவும் பிரியாணிக் கடை எலும்பும் விழுகிற இடத்தில் நாய்கள் காத்திருக்கின்றன. நடக்கிற தூரத்தில் பவுரிங் மருத்துவமனை. இந்தக் கழிவை அள்ளுவது உணவகத்தார் பிரச்சினையா, நோய்த்தடுப்பா, மாநகராட்சிச் செலவா? மூன்றும்தான். ஒரு துறை மட்டும் இதற்கு விடை சொல்ல முடியாது. துறை எல்லையைக் காட்டி இத்தகைய ஆய்வுகளுக்கு நிதி மறுப்பவர்கள், அடுத்த அழிவையும் தாமதமாகத்தான் கண்டுபிடிப்பார்கள்.