இன்டீரியர் ஸ்டூடியோ ஆரம்பிக்கிறீங்களா? லோகோவுக்கு முன்னாடி இதைப் படிங்க!

இன்டீரியர் டிசைன் படித்துவிட்டு, வீட்டிலேயே ஓர் அறையை ஒதுக்கி ஸ்டூடியோ தொடங்கும் இளைஞர்களை இப்போது திருச்சி, மதுரை, சேலம் என எல்லா ஊர்களிலும் பார்க்க முடிகிறது. முதல் இரண்டு, மூன்று வீடுகள் சொந்தக்காரர்கள், நண்பர்கள் மூலம் கிடைத்துவிடும். அடுத்து வருபவர் முன்பின் தெரியாதவர். அவர் செய்யும் முதல் வேலை, உங்கள் ஸ்டூடியோவின் பெயரை போனில் தேடிப் பார்ப்பது.

அவருடைய இடத்தில் இருந்து யோசியுங்கள். கிச்சனுக்கும் வார்ட்ரோபுக்குமாகச் சில லட்சங்களை உங்களிடம் அட்வான்ஸாகக் கொடுக்கப்போகிறார். ‘பணத்தை வாங்கிவிட்டு வேலையைப் பாதியில் விட்டுவிடுவார்களோ?’ என்ற பயம் அவருக்கு இருக்கும். பிராண்டிங், வெப்சைட் எல்லாம் அந்தப் பயத்துக்கு நீங்கள் சொல்லும் பதில்தான்.

பெயர்: பிடித்தால் மட்டும் போதாது

பெயரை முடிவு செய்வதற்கு முன்பு மூன்று இடங்களில் தேடிவிடுங்கள். ஒன்று, அந்தப் பெயரில் டொமைன் கிடைக்கிறதா? இரண்டு, இன்ஸ்டாகிராமில் அதே பெயரில் வேறு யாராவது இருக்கிறார்களா? மூன்று, டிரேட்மார்க் பதிவேட்டில் இருக்கிறதா? மத்திய அரசின் டிரேட்மார்க் தளத்தில் இலவசமாகவே தேடிப் பார்க்கலாம். இன்டீரியர் டிசைன் சேவை 42-வது வகுப்பில் வரும். ஃபர்னிச்சரும் செய்து விற்பதாக இருந்தால் 20-வது வகுப்பையும் பாருங்கள்.

தனிநபர்களும் சிறு நிறுவனங்களும் ஆன்லைனில் விண்ணப்பித்தால், ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். போர்டு, விசிட்டிங் கார்டு எல்லாம் அடித்த பிறகு பெயரை மாற்றுவதைவிட இது மலிவு.

லோகோ: சின்னதாக்கிப் பாருங்கள்

லோகோவை லேப்டாப்பின் பெரிய திரையில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். வாட்ஸ்அப் புரொஃபைல் வட்டத்தில் வைத்துப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் பிரின்ட் எடுங்கள். பில்லில் குத்தும் ரப்பர் ஸ்டாம்ப்பாக அது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். இந்த மூன்றிலும் புரிந்தால்தான் அது நல்ல லோகோ. மெல்லிய கோடுகளில் வரைந்த சோபாவும் விளக்கும் அந்தச் சின்ன வட்டத்தில் காணாமல் போய்விடும்.

நிறங்கள் இரண்டு, மூன்று போதும். உங்கள் தளத்தில் பேச வேண்டியவை நீங்கள் செய்த வீடுகளின் நிறங்கள். பின்னணி அமைதியாக இருந்தால்தான் அவை எடுபடும். தமிழில் எழுத ஹிந்த் மதுரை, முக்தா மலர், கேட்டமரான் போன்ற எழுத்துருக்கள் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கின்றன. தொழிலுக்கும் பயன்படுத்தலாம்.

டிசைனரிடம் ஜேபெக் படம் மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். வெக்டர் ஃபைலையும் கேளுங்கள். நாளைக்கு 10 அடி போர்டு அடித்தாலும் லோகோ உடையாது.

இன்னொரு முக்கியமான விஷயம். வெளியில் ஒரு ஃப்ரீலான்ஸரிடம் கொடுத்து வரைந்தால், பணம் கொடுத்ததாலேயே லோகோவின் பதிப்புரிமை தானாக உங்களுக்கு வந்துவிடாது. 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை எழுத்துபூர்வமாக மாற்றித் தர வேண்டும். எத்தனை ஆண்டுகளுக்கு என்று அதில் குறிப்பிடாவிட்டால், ஐந்து ஆண்டுகள் மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒரு பக்கக் கடிதம்தான். கால அளவையும் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

வெப்சைட்: அழகைவிட விவரம்

பல ஸ்டூடியோ தளங்களில் அழகான படங்கள் வரிசையாக ஓடும். ஆனால், பார்ப்பவருக்கு வேண்டிய ஒரு தகவலும் இருக்காது. ஒவ்வொரு வேலைக்குக் கீழும் நான்கு விவரங்களைக் கொடுங்கள்: எத்தனை சதுர அடி, எத்தனை நாள் ஆனது, எந்த அளவு பட்ஜெட், என்ன மெட்டீரியல். ‘தரமான பிளைவுட்’ என்று எழுதுவதற்குப் பதில், கிச்சனுக்கு ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட், வார்ட்ரோபுக்கு ஐ.எஸ். 303 என்று எழுதிப் பாருங்கள். அந்த ஒரு வரி தரும் நம்பிக்கையே வேறு.

கம்ப்யூட்டரில் உருவாக்கிய 3டி படத்தை, முடித்த வீடு போலப் போடவே போடாதீர்கள். ‘3டி வடிவம்’ என்று கீழே குறிப்பிடுங்கள். பின்ட்ரெஸ்ட்டில் எடுத்த படத்தை உங்கள் வேலை என்று காட்டுவதும் கூடாது. அதே படத்தை உங்கள் வாடிக்கையாளரும் பார்த்திருப்பார்.

படங்களின் எடையையும் கவனியுங்கள். கேமராவில் எடுத்த ஃபைலை அப்படியே ஏற்றினால், போனில் திறப்பதற்குள் பார்ப்பவர் வெளியேறிவிடுவார். பக்கத்தின் முக்கியப் படம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவு. வெப்பி வடிவத்துக்கு மாற்றினால் எடை நன்றாகக் குறையும்.

சாவி யாரிடம் இருக்கிறது?

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, இப்படித்தான் ஸ்டூடியோ நடத்துகிறார். வெப்சைட் செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் பெயரிலேயே வாங்கியிருந்தார். பிறகு ஊர் மாறினார், நம்பரும் மாறிவிட்டது. புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில்களெல்லாம் அவருக்கே போயின. கெடு முடிந்து டொமைன் கைவிட்டுப் போனது. அக்கா விசிட்டிங் கார்டில் அச்சடித்திருந்த முகவரியும் மெயில் ஐடியும் ஒரே நாளில் செல்லாமல் போயின.

டொமைன், ஹோஸ்டிங், கூகுள் பிசினஸ் கணக்கு மூன்றும் உங்கள் பெயரிலும், உங்கள் மெயில் ஐடியிலும் இருக்கட்டும். வேலை செய்பவருக்கு அனுமதி மட்டும் கொடுங்கள், வேலை முடிந்ததும் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.

அது அவர்கள் வீடு

நீங்கள் அழகாக்கியது இன்னொருவர் குடியிருக்கும் வீடு. படம் எடுக்கவும் போடவும் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கதவு எண், குழந்தைகளின் போட்டோ, பீரோவில் லாக்கர் இருக்கும் இடம் எதுவும் படத்தில் தெரியக் கூடாது. வீட்டுக்காரர் பின்னாளில் வேண்டாம் என்றால் படத்தை எடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே வெப்சைட் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். டொமைன் வாங்கிய பில்லைத் தேடி எடுங்கள். அதில் யார் பெயர் இருக்கிறது, புதுப்பிக்க வேண்டிய தேதி எது என்று பாருங்கள். உங்கள் பெயர் இல்லையென்றால், செய்து கொடுத்தவர் போனை எடுக்கும்போதே மாற்றி வாங்கிவிடுங்கள்!