ஒட்டுத் தெரியாமல் ரப்பர் பாய்

தீபாவளி நெருங்கினால் ஈப்போ கடைகளில் ரப்பர் பாய்ச் சுருள்களுக்கு நல்ல கிராக்கி. 'தீக்கார் கெத்தா' என்று கேட்டு வாங்குகிறோம். பெயரில்தான் ரப்பர். நாம் மரம் வெட்டிப் பாலெடுத்த ரப்பருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக்.

சுருள் பெரும்பாலும் 6 அடி அகலம். கூடம் 10 அடி என்றால் இரண்டு துண்டு போட்டாக வேண்டும். தொல்லையே அந்த ஒட்டில்தான். சில மாதத்தில் ஓரம் சுருண்டு நிற்கும். இரவில் எழுந்து போகும் பாட்டியின் கால் அதில் தட்டினால் என்ன ஆகும்? மேலே டேப் ஒட்டி மறைப்பதும் வீண். ஓரத்தில் தூசி பிடித்துக் கறுத்துப் பிய்ந்து வரும்.

இரண்டு துண்டையும் தனித்தனியாக வெட்டிச் சேர்ப்பதுதான் நாம் செய்யும் தவறு. இப்படிச் செய்து பாருங்கள், சகோதரிகளே.

முதல் நாளே பாயை விரித்துச் சுருளை அடங்க விடுங்கள். சூட்டில் பிளாஸ்டிக் விரியும். சுவரோரம் கால் அங்குலம் இடம் விடுங்கள். ஒட்டு வாசலுக்கு நேரே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு துண்டின் ஓரத்தை மற்றதன்மேல் 2 அங்குலம் ஏற்றி, பூவோடு பூ பொருந்த வையுங்கள். நகராமலிருக்கப் பாரம் வையுங்கள். நடுவில் இரும்பு அடிக்கோல் வைத்து, புதிய பிளேடு போட்ட கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து, இரண்டையும் சேர்த்தே வெட்டுங்கள். கத்தி சற்றுக் கோணினாலும் கவலையில்லை. இரண்டு ஓரமும் ஒன்றுபோலவே கோணியிருக்கும். மேலும் கீழும் உள்ள கழிவை உருவிவிட்டால் கச்சிதமாகப் பொருந்தும்.

பிறகு ஓரங்களை மடக்கி, தரையைத் துடைத்து நன்றாகக் காயவிட்டு, இருபக்கமும் ஒட்டும் அகல டேப்பை ஒட்டு வரும் கோட்டில் பதியுங்கள். ஓரங்களை இறக்கி, அம்மிக் குழவியைத் துணியில் சுற்றி மேலே உருட்டுங்கள். சிமெண்டுத் தரையில் ஈரம் ஊறினால் எந்தப் பசையும் நிற்காது. சந்தேகமானால் முன்கூட்டியே ஒரு பிளாஸ்டிக் தாளின் நாலு பக்கமும் டேப் ஒட்டி இரவெல்லாம் தரையில் விடுங்கள். காலையில் அடியில் நீர்த்துளி இருந்தால் ஈரத்துக்கு வழி செய்த பிறகே பாய்.

ஏற்கெனவே சுருண்ட ஓரமா? அடியிலுள்ள மண்ணைத் துடைத்து, முடி உலர்த்தும் கருவியால் இளஞ்சூடு காட்டி, டேப் வைத்து அழுத்தி, மேலே பலகை போட்டு அரிசி மூட்டையை ஓர் இரவு வையுங்கள்.

மிஞ்சிய துண்டை எறியாதீர்கள். பாய் கிழிந்தால் அந்த இடத்தின்மேல் அதை வைத்து, இதே முறையில் இரண்டையும் சேர்த்து வெட்டி ஒட்டுப்போடலாம்.