பல் வைத்தியரும் வாய் அடக்கமும்

பல் வைத்தியரின் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறக்கிறவர் பல்லை மட்டும் காட்டுவதில்லை. தம் வியாதி, புகையிலைப் பழக்கம், பணக் கஷ்டம் எல்லாவற்றையும் நம்பிச் சொல்லிவிடுகிறார். அந்த நம்பிக்கைதான் வைத்தியரின் மூலதனம். சமூக வலைத்தளத்தில் இரண்டு வரி எழுதி அந்த மூலதனத்தை இழந்துவிடுவது இன்று மிகச் சுலபமாகிவிட்டது.

கனடா நாட்டில், ஹாலிபாக்ஸ் நகரின் டல்ஹௌசி பல்கலைக் கழகத்தில் நடந்ததைப் பல் வைத்திய மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது நல்லது. அங்கே கடைசி ஆண்டு மாணவர்கள் சிலர் பேஸ்புக்கில் தங்களுக்குள் ஒரு குழு வைத்திருந்தார்கள். உடன் படித்த பெண்களைப் பற்றி அதில் ஆபாசமாக எழுதினார்கள். மயக்க மருந்தை வைத்தும் விரசமாகக் கேலி செய்தார்கள். 2014 டிசம்பரில் சங்கதி அம்பலமாயிற்று. 2015 ஜனவரியில், 13 மாணவர்கள் நோயாளிகளுக்கு வைத்தியம் செய்யக் கூடாது என்று தடை விதிக்கப்பட்டது. பட்டம் கைக்கு எட்டும் நேரத்தில் இந்தக் கதி!

"வாலிபர்களின் விளையாட்டுப் பேச்சுத்தானே, அதுவும் கதவை அடைத்துக்கொண்டு பேசியது" என்று பரிந்து பேசுவோர் உண்டு. அந்த வாதம் எடுபடாது. உள்ளே இருக்கும் ஒருவர் வெளியே காட்டினால் போதும், அடைத்த கதவு திறந்துவிடும். அது போகட்டும். மயக்க மருந்தைக் கையில் எடுக்கப் போகிறவர் அதைப் பற்றியே இப்படிக் கேலி செய்தால், எந்தத் தாய் தன் பெண்ணை அவரிடம் நம்பி அனுப்புவாள்?

அனுபவம் பெற்றவர்களும் தவறுகிறார்கள். அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஒரு பல் வைத்திய நிலையத்தைப் பற்றி, ஒரு நோயாளி யெல்ப் வலைத்தளத்தில் அபிப்பிராயம் எழுதினார். பதில் எழுதிய நிலையத்தார் அவருடைய குடும்பப் பெயரையும் உடல்நிலை விவரத்தையும் வெளியிட்டுவிட்டார்கள். விவகாரம் அரசாங்கத்திடம் போயிற்று. 2019-ல் 10,000 டாலர் கட்டி, இரண்டு ஆண்டு மேற்பார்வைக்கும் உட்பட வேண்டியதாயிற்று. நோயாளி தம் கதையை ஊரறியச் சொல்லலாம். அது அவர் உரிமை. வைத்தியருக்கு அந்த உரிமை கிடையாது. தவளை தன் வாயால் கெடும் என்பது இதைத்தான்.

"பெயரை எடுத்துவிட்டு, கண்ணை மறைத்துப் படம் போட்டால் என்ன?" என்று கேட்கலாம். விபத்தில் முகம் சிதைந்தவரைக்கூடப் பல்லைக் கொண்டு அடையாளம் காண்கிறார்கள். பல்லே முகவரியாக இருக்கும்போது கண்ணை மறைத்து என்ன பயன்? நோயாளிக்கு விஷயத்தை விளக்கி, எழுத்து மூலம் சம்மதம் பெறாமல் படம் போடுவது முறையல்ல. நாற்காலியில் வலியோடு இருப்பவரிடம் அவசரமாகக் கையெழுத்து வாங்குவதும் சம்மதம் ஆகாது.

வலைத்தளமே வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. குழந்தைக்குப் பல் துலக்கும் முறையைச் சொல்லட்டும். வாய்ப் புற்றுநோயின் ஆரம்ப அடையாளங்களை விளக்கட்டும். ஆனால், பல் பிடுங்கக் கற்றுக் கொடுக்கும் கல்லூரி, எதை எழுதக் கூடாது என்பதையும் முதலாண்டிலேயே கற்றுக் கொடுக்க வேண்டும். வாயைத் திறந்து படுத்திருக்கும் நோயாளியால் பேச முடியாது. அவருக்காக வாயைக் காத்துக்கொள்ள வேண்டியவர் வைத்தியர்தான்.